குடிநோயாளிகளின் நினைவைக் காக்கும் ஊசி: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். குடியால் ஏற்படும் நிரந்தர நினைவிழப்பைப் பற்றியும், அதைப் பெருமளவு தடுக்கக்கூடிய, வைட்டமின் பி1 என்ற ஒரு மலிவான ஊசியைப் பற்றியும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன். குடித்தால் கல்லீரல் கெடும் என்பது இன்று ஊரறிந்த செய்தி. குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்கிறோம். ஆனால் தன் மகளுக்குத் திருமணம் நடந்ததே நினைவில்லாமல் ஒருவர் எஞ்சிய ஆயுளைக் கழிக்க நேரிடும் என்பது குடிப்பவருக்கும் தெரியாது, அவருடைய வீட்டாருக்கும் தெரியாது.

மருத்துவ உலகுக்கு இது புதிதன்று. 1881இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, குழப்பமும் கண்ணசைவுக் கோளாறும் நடைத் தள்ளாட்டமும் சேர்ந்து வந்து இறந்துபோன மூவரைப் பற்றி எழுதினார். அவர்களில் இருவர் குடிநோயாளிகள். மூன்றாமவர் அமிலத்தைக் குடித்துவிட்டு, அதன் பிறகு ஓயாத வாந்தியால் உணவு தங்காமல் போன ஒரு பெண். 1887இல் ரஷ்ய மருத்துவர் செர்கெய் கோர்சகோவ், குடிநோயாளிகளிடம் காணப்பட்ட வினோதமான நினைவிழப்பை விவரித்தார். முன்னது அவசர நிலை. அதைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சுவது பின்னது. இரண்டுக்கும் வேர் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைபாடுதான் என்பது பின்னாளில் உறுதியானது.

நம் உடலில் தயமின் இருப்பு ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். உணவிலிருந்து வரவில்லையென்றால் இரண்டு மூன்று வாரங்களில் அது தீர்ந்துவிடும். குளுக்கோஸை ஆற்றலாக மாற்றும் நொதிகளுக்குத் தயமின் இன்றியமையாதது. மூளையோ பெரும்பாலும் குளுக்கோஸை நம்பியே இயங்கும் உறுப்பு. தொடர்ந்து குடிப்பவர் சோற்றைக் குறைத்துவிடுகிறார். உண்ட கொஞ்சத்திலிருந்தும் தயமினைக் குடல் உறிஞ்சுவதை மது தடுக்கிறது. கெட்டுப்போன கல்லீரலால் அதைச் சேமித்து வைக்கவும் முடிவதில்லை. இதனால் மூளையின் நடுப்பகுதியில், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பாதையில் உள்ள தாலமஸ் என்ற பகுதியும் அதனோடு இணைந்த சிறு முகடுகளும் சேதமடைகின்றன. நெல்லைத் தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த பகுதிகளை, தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டிய காலத்தில், புழுங்கல் அரிசி உண்டவர்களை அந்தப் புழுக்கலே பெரிதும் காத்தது. தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதே அதற்குக் காரணம். அந்த வழக்கம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது, ஆனால் தட்டின் முன் உட்காராதவருக்கு அதனால் பயன் இல்லை.

நான் பார்த்த அவசரப் பிரிவுகளில் பொதுவாக நடப்பது இதுதான். குடியை நிறுத்தி இரண்டு நாளான ஒருவரை, கை நடுங்கி, பிதற்றி, நடக்கத் தள்ளாடிய நிலையில் அழைத்து வருகிறார்கள். 'போதை தெளியட்டும்' என்று ஒரு குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிப் படுக்கவைத்துவிடுகிறோம். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற ஏற, மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச தயமினும் செலவாகிவிடக்கூடும். இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்திருந்தால் குளுக்கோஸை ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது, உண்மைதான். அப்போது தயமினையும் கூடவே கொடுத்துவிடலாம், அதற்குத் தடையேதும் இல்லை. தள்ளாட்டமும் பிதற்றலும் குடிபோதையின் அறிகுறிகளாகவே தெரிவதால் இந்த நோய் கண்ணுக்கு முன்னாலேயே தப்பிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் கிளைவ் ஹார்ப்பர் குழுவினர் 1986இல் வெளியிட்ட பிரேதப் பரிசோதனை ஆய்வில், இந்த மூளைச் சேதம் இருந்த 131 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே உயிரோடிருந்தபோது நோய் கண்டறியப்பட்டிருந்தது. வெர்னிக்கே விவரித்த, பாடப்புத்தகம் சொல்லும் மூன்று அறிகுறிகளும் ஒருசேரத் தென்பட்டவர்கள் 16 விழுக்காட்டினரே. அந்த மூன்றும் வரட்டும் என்று காத்திருப்பது, பெரும்பாலானோரைக் கைவிடுவதற்குச் சமம்.

உயிர் பிழைத்தவர்களில் பலருக்கு அடுத்து வரும் நிலைதான் குடும்பங்களைக் குலைக்கிறது. எங்கள் பிரிவில் இருந்த ஒருவர், முந்தைய நாள் திருவண்ணாமலையில் அக்காள் மகளின் காதுகுத்துக்குப் போய்வந்ததாகவும், பந்தியில் பாயசம் தீர்ந்துபோய்ச் சண்டை வந்ததாகவும் நுணுக்கமாக விவரிப்பார். அவர் வாரக்கணக்கில் வார்டை விட்டு வெளியே போனதே இல்லை. மருத்துவர் அறையை விட்டுப் போய்ச் சிறிது நேரத்தில் திரும்பினால், 'வாங்க சார், நீங்க யாரு?' என்று கேட்பார். பேச்சு, கணக்கு, பழைய தொழில் நுணுக்கம், இளமைக்கால நினைவுகள் ஆகியவை பெருமளவு அப்படியே இருந்தன. விடுபட்ட இடங்களை மூளை தானாகவே கதையால் நிரப்புகிறது. இதில் ஏமாற்றும் எண்ணமே கிடையாது. ஆனால் அவருடைய மனைவிக்கு அது காலமெல்லாம் கேட்டுச் சலித்த குடிகாரப் பொய்யின் தொடர்ச்சியாகவே பட்டது. இதை யாராவது முன்பே அந்த அம்மாவுக்கு விளக்கியிருந்தால், அவ்வளவு கசப்பு வந்திருக்காது.

எனவே துறை ஒரு நிலையாணை பிறப்பிக்க வேண்டுகிறேன். குடிநோய் உள்ளவர் எனத் தெரிந்தோ ஐயப்பட்டோ எந்த அரசு மருத்துவமனைக்கு ஒருவர் வந்தாலும், அறிகுறிகள் முழுமையாகத் தெரியும்வரை காத்திராமல், குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ தயமின் ஊசி போடப்பட வேண்டும். மாத்திரை போதாது, ஒரு வேளை மாத்திரையிலிருந்து குடிநோயாளியின் குடல் சில மில்லிகிராமுக்கு மேல் உறிஞ்சுவதில்லை. நோய் இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்களுக்கு, நரம்பு வழியாக 500 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை கொடுப்பது பல நாடுகளின் வழிகாட்டுதல்களில் உள்ள அளவு. ஒவ்வாமை மிக அரிதாக வரக்கூடும் என்பதால் அதற்கான மருந்துகளைக் கைவசம் வைத்துக்கொண்டு, மெதுவாக ஏற்றினால் போதும். இந்த ஊசி மருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை கையிருப்பில் இருக்க வேண்டும். பதிவு பெற்ற தனியார் குடிபோதை மறுவாழ்வு மையங்களுக்கும் இது கட்டாயமாக்கப்பட வேண்டும். கர்ப்பகாலக் கடும் வாந்தி, இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய உணவின்மை ஆகியவற்றாலும் இதே நோய் வரும் என்பதால், இந்த ஆணை மகப்பேறு, அறுவை சிகிச்சைப் பிரிவுகளுக்கும் போக வேண்டும்.

செலவைப் பற்றிய கேள்வி எழுமானால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டாஸ்மாக் வழியாக அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தானே நடத்தும் அரசுக்கு, அதே மதுவால் நினைவிழக்கும் குடிமக்கள்மீது தனியொரு பொறுப்பு உண்டு. ஆஸ்திரேலியா 1991 முதல் ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது; பிந்தைய பிரேதப் பரிசோதனைகளில் இந்தச் சேதம் குறைந்திருப்பது தெரியவந்தது. நம் பொது விநியோகத் திட்ட அரிசியில் தயமின் செறிவூட்டலைப் பற்றி வல்லுநர்கள் முடிவு செய்யட்டும். ஊசிக்கு அவ்வளவு ஆலோசனை தேவையில்லை.

ஏற்கெனவே நினைவை இழந்துவிட்டவர்களைப் பற்றியும் ஒன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மனநோய் பற்றிய வரையறையில் நினைவுக் கோளாறையும் சேர்த்திருக்கிறது. ஆயினும் மதிப்பீட்டுக்கு வரும் இவர்கள் தெளிவாகப் பேசுவதாலும், கேட்ட கேள்விக்கெல்லாம் சரளமாகக் கதை சொல்வதாலும், குறையொன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்படுவதை நான் கண்டிருக்கிறேன். சொன்னதைச் சில நிமிடங்கள் கழித்துத் திரும்பக் கேட்கும் எளிய சோதனையையும், உடன் வாழ்பவரின் வாக்குமூலத்தையும் அந்த மதிப்பீட்டில் கட்டாயமாக்கி, சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழுக்களுக்குத் தாங்கள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற மனநலப் பிரிவுச் செவிலியர் ஒருவர்