நஞ்சிலிருந்து வரும் மருந்து உணவுப் பயிரில் விளைய வேண்டாம்

மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நஞ்சுள்ள உயிரினங்களின் நஞ்சிலிருக்கும் பெப்டைடுகளை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலிகளை, மரபணு மாற்றிய செடிகளில் விளைவித்து மருந்தாக்கும் ஆய்வுகள் வெளிநாடுகளில் நடந்து வருகின்றன. அத்தகைய விண்ணப்பம் தங்களிடம் வரும் முன்பே அதற்கென விதியொன்றை வகுத்து வெளியிட வேண்டும் எனக் கேட்டே இதை எழுதுகிறேன்.

நான் இந்த ஆய்வை எதிர்ப்பவன் அல்லன். 2004 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகோனோடைடு, கூம்பு நத்தை என்னும் கடல் நத்தையொன்றின் நஞ்சில் கண்டறியப்பட்ட, 25 அமினோ அமிலங்களே கொண்ட பெப்டைடின் செயற்கை வடிவம். பிற மருந்துகளுக்கு அடங்காத கடும் வலியை அது தணிக்கிறது. மார்ஃபினைப் போல அடிமையாக்குவதுமில்லை. ஆனால் மூன்று கந்தகப் பிணைப்புகளும் சரியான இடத்தில் அமையும்படி அதை வேதிமுறையில் உருவாக்குவது செலவு மிகுந்த வேலை. அந்த வேலையைச் செடி குறைந்த செலவில் செய்யுமானால், வலியில் துடிக்கும் ஏழை நோயாளிக்கும் அது எட்டக்கூடும்.

தாவரவியல் ஆசிரியனாகிய நான், ஆஸ்திரேலியக் காட்டுப் புகையிலை இனமான நிக்கோட்டியானா பெந்தாமியானாவில் வேறு புரதங்களை விளைவித்திருக்கிறேன். ஊசி கழற்றிய சிரிஞ்சை இலையின் அடிப்புறத்தில் வைத்து, மேற்புறம் விரலால் தாங்கிக்கொண்டு, மரபணுவைச் செடிக்குள் கொண்டுசெல்லும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா கலந்த கரைசலை மெல்ல அழுத்தினால், கரும்பச்சையாக ஈரத்திட்டு பரவும். சில நாள்களில் அந்த இலையில் புரதம் சேர்ந்துவிடும். பூக்கும் முன்பே செடியை அறுத்துவிடலாம். இம்முறையில் புகுத்திய மரபணு விதைக்குப் போவதுமில்லை.

என் கவலை உணவுப் பயிர்களைப் பற்றியது. சிறிதளவு கலந்தாலும் வயிற்றில் செரித்துப்போகும் என்ற வாதத்தை இங்கே ஏற்க முடியாது. காங்கோவில் பிரசவத்தை விரைவுபடுத்தப் பெண்கள் ஒரு மூலிகையைக் கொதிக்கவைத்துக் குடிப்பதை நார்வே மருத்துவர் லோரென்ட்ஸ் கிரான் பதிவு செய்தார். அதிலிருந்த கலாட்டா பி1 என்ற பெப்டைடு வளைய வடிவுடையது; கொதிநீரிலும் சிதையாதது. கூம்பு நத்தைப் பெப்டைடுகளையும் அவ்வாறே வளையமாக்கி, வாய்வழி மருந்தாக்க முயல்கிறார்கள். செரிக்காமல் இருப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட பொருள் மக்காச்சோளத்தில் விளைந்தால், அது கலந்த உணவை உண்ணும் கர்ப்பிணிக்கு யார் பொறுப்பேற்பது?

கலப்பு நேரும் என்பதற்குச் சான்று உண்டு. 2002-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், புரோடிஜீன் நிறுவனம் முந்தைய பருவத்தில் பயிரிட்ட மருந்துக்கான மக்காச்சோளம் சோயா வயலில் தானாக முளைத்து, அறுவடையில் கலந்தது. சுமார் 5 லட்சம் புஷல், அதாவது ஏறத்தாழ 13,600 டன் சோயா உணவுச் சந்தைக்குச் செல்லாமல் தடுத்து அழிக்கப்பட்டது. நம் நாட்டிலோ, அனுமதி பெறாத களைக்கொல்லி தாங்கும் பருத்தி எத்தனை வயல்களில் நுழைந்துவிட்டது என்பதைத் தாங்களே அறிவீர்கள். வேலியும் இடைவெளியும் போதும் என்று சொல்ல அதன்பின் யாருக்கும் துணிவு வராது.

ஆகவே, மருந்துப் பெப்டைடுகளுக்கு மனிதரோ கால்நடையோ உண்ணும் பயிர் எதையும் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள். கள ஆய்வு என்ற பெயரிலும் வேண்டாம். மூடிய பசுமைக்குடிலில், உணவல்லாத செடியில் மட்டுமே இசைவு தாருங்கள். குடிலின் கழிவுநீரும் இலைச் சக்கையும் எவ்வாறு செயலிழக்கச் செய்யப்படுகின்றன என்பதை, விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் வெளியிட்டு, சுற்றியுள்ள ஊராட்சிகளின் கருத்தைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாவரவியல் ஆசிரியன்