ரூசோவின் நான்கு கடிதங்களைப் படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மால்ஷெர்புக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ரூசோ எழுதிய நான்கு கடிதங்களைக் கட்டுரைக்கு எடுத்திருக்கிறாய். நல்ல தேர்வு. அவற்றை வெறும் வாக்குமூலமாகப் படித்துவிடாதே. அவை ஒருவருக்குச் சொன்ன பதில்கள்.

தேதிகள் 1762 ஜனவரி 4, 12, 26, 28, இடம் பாரிஸுக்கு வெளியே ரூசோ வசித்த மோன்மொரான்சி. மால்ஷெர்ப் 1750 முதல் அரசின் நூல் தணிக்கைத் துறைத் தலைவர். கல்வி பற்றி ரூசோ எழுதிய 'எமில்' நூலின் அச்சு வேலை இழுத்தடித்தபோது, யேசு சபையார் நூலைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று ரூசோ கலங்கிப்போனார். விசாரித்து ஆறுதல் சொன்னவர் மால்ஷெர்ப். ஆனால் ரூசோ துயரத்தில் வாடுகிறார் என்று அவர் நினைத்தார். முதல் கடிதம் அதைத்தான் மறுக்கிறது: துயரத்தில் வாடியது பாரிஸில்தான், இங்கே அல்ல.

இரண்டாவதில்தான் மாணவர்கள் சறுக்குவார்கள். சிறையிலிருந்த நண்பர், எழுத்தாளர் திதெரோவைப் பார்க்க பாரிஸ் அருகே உள்ள வின்சென் கோட்டைக்குப் போகும் வழியில், திஜோன் நகர அறிஞர் சபையான அகாதெமியின் கட்டுரைப் போட்டிக் கேள்வியை (அறிவியலும் கலைகளும் ஒழுக்கத்தை மேம்படுத்தினவா?) ரூசோ பத்திரிகையில் படிக்கிறார். மரத்தடியில் அரைமணி நேரம். எழுந்து பார்த்தால் சட்டையின் முன்புறமெல்லாம் கண்ணீரில் நனைந்திருக்கிறது. இது 1749-இல் நடந்தது, எழுதியது 1762-இல். அவருடைய தன்வரலாறான 'ஒப்புதல்கள்' நூலின் எட்டாம் பகுதியையும் பக்கத்தில் வைத்துப் படி. மால்ஷெர்புக்கு எழுதிய பிறகு விவரங்கள் நினைவிலிருந்து போய்விட்டன என்று அங்கே அவரே சொல்கிறார். ஆகவே 1749-க்கு நேரடிச் சான்றாக இதைக் காட்டாதே.

மூன்றாவதை அவசரப்படாமல் படி. யாராவது வந்து பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில், கொளுத்தும் வெயிலிலும் மதியம் ஒரு மணிக்கு முன்பே நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஒரு குறிப்பிட்ட திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் மூச்சு விடுகிறார். தனிமை அவருக்கு நோயல்ல என்பதற்கு இதைவிட நல்ல வாதம் கிடையாது.

நான்காவதுதான் எனக்கு மிகப் பெரியது. வாரத்தில் ஆறு நாள் அகாதெமியில் அரட்டையடிக்க மக்கள் பணத்தில் சம்பளம் வாங்கும் சோம்பேறிகளைவிட மோன்மொரான்சிக் குடியானவர்கள் பயனுள்ளவர்கள் என்கிறார். பிறரை ஆளும் வர்க்கத்தினர் மேல் தனக்குக் கடும் வெறுப்பு என்கிறார். இதைச் சொல்வது யாரிடம்? பிரான்சின் சான்சலர், அதாவது நீதித்துறையின் உச்ச அதிகாரி, ஒருவரின் மகனிடம், அறிவியல் அகாதெமி உறுப்பினரிடம். பெறுபவரின் பிறப்பையும் பதவியையும் கடிதத்திலேயே நேராகக் குறிப்பிடவும் செய்கிறார். புரவலருக்கு எழுதும் வழக்கமான பணிவுக் கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார், இந்தத் துணிச்சலின் அளவு தெரியும்.

மே மாதம் 'எமில்' வெளிவந்தது. ஜூன் 9-இல் பாரிஸ் நீதிமன்றம் ரூசோவைக் கைது செய்ய ஆணையிட்டது. அவர் தப்பி ஓடினார். கடிதங்கள் எழுதும்போது இது அவருக்குத் தெரியாது. அந்த ஓட்டத்தின் சாயலை ஜனவரிப் பக்கங்களில் தேடாதே.

அன்புடன்,
அப்பா