தாமதமாக வரும் ஸ்பீடு சலான்: ஒரு நிமிடம் படியுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மதுரை ரிங் ரோட்டில் வேகமாகப் போனதாக எனக்கு சலான் (அபராத நோட்டீஸ்) வந்திருப்பது நேற்றுதான் தெரிய வந்தது. நடந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. காரணம் தேடினால், ஆர்சி புத்தகத்தில் இருப்பது நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய செல் நம்பர். மெசேஜ் எல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. திருமங்கலம், மேலூர் பக்கம் தினமும் வண்டியில் போய்வருபவர்கள் உங்கள் நம்பரை இன்றே அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹனில் சரிபாருங்கள்.

தாமதமாக வந்தாலும் பதறிப் பணம் கட்ட வேண்டாம். முதலில் சலானில் உள்ள கேமரா போட்டோவைப் பாருங்கள்: வண்டி நம்பர், இடம், தேதி, நேரம், வேகம். ஒரு எழுத்து மாறி அடுத்தவர் வண்டிக்கு வந்த சலானும் உண்டு. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த 167ஏ விதி, கேமரா சலானை 15 நாளுக்குள் அனுப்பச் சொன்னது. ஆட்சேபம் எழுதும்போது அதையும் குறிப்பிடுங்கள். ஆனால் தாமதத்தை மட்டும் நம்பி சும்மா இருந்துவிடாதீர்கள், வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். தப்பு நம்முடையது என்றால் கட்டிவிடுவதுதான் சரி. நான் கட்டிவிட்டேன்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் சலான் என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) வந்தால் தயவுசெய்து தொடாதீர்கள், அது பணம் திருடும் மோசடி. வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

நம்பர் மாற்றத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து செய்துவிடலாம்.