அப்பா கடலுக்குப் போவார்

கடலூர் முதுநகர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்குத் தைலத்தோடு நிற்காமல் ஒருவழியாக டாக்டரையும் பார்த்துவிட்டாயே, சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். மகளுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்து, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். வீட்டுச் சேதி அவ்வளவுதான். நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன், எழுத அதில்தான் நிறைய இருக்கிறது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் உன்னிடம் டியூஷன் வரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ‘ஹி கோஸ்’, ‘ஷி ஈட்ஸ்’ என்னாமல் ‘ஹி கோ’, ‘ஷி ஈட்’ என்றே சொல்கிறார்கள், எத்தனை இம்போசிஷன் கொடுத்தாலும் அந்த ‘எஸ்’ ஒட்டவே இல்லை என்று புலம்பியிருக்கிறாய். எஸ் கிடக்கட்டும். ‘ஐ ஈட்’ என்பதற்கு என்ன அர்த்தம் சொன்னாய்? ‘நான் சாப்பிடுகிறேன்’ என்றுதானே? நோட்ஸ்களில் அப்படித்தான் கட்டம் கட்டிப் போடுகிறார்கள். அடுத்த கட்டத்தில் ‘ஐ ஆம் ஈட்டிங்’, ‘நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் காதுக்கு இரண்டுமே இந்த நிமிஷம் நடக்கிற காரியம். அதனால் தட்டில் கை வைத்துக்கொண்டே ‘ஐ ஈட், மிஸ்’ என்கிறது.

‘ஐ ஈட்’ மாதிரி வருகிற சிம்பிள் பிரசென்ட் பெரும்பாலும் வழக்கத்தைச் சொல்வதற்கு. வழக்கத்தை நாம் வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? ‘காலையில ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்’, ‘அவ கருவாடு தொடமாட்டா’, ‘மாடு புல் திங்கும்’. பாடத்தில் இதை எதிர்காலம் என்று எழுதினாலும், தினப்படி பேச்சில் வழக்கத்துக்கும் இதுதான். போவேன், வருவேன், தின்னும் என்பதெல்லாம் பிள்ளைகள் கையில் ஏற்கெனவே இருக்கிற சரக்கு. அதை வைத்து ஆரம்பி.

போன ஜூனில் பள்ளி திறந்த வாரம் ஒரு வேடிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை அல்லவா? அந்தத் தடை முடியாத நேரத்தில் போர்டில் ‘மை ஃபாதர் கோஸ் டு சீ’ என்று எழுதினேன். ஒரு பையன் எழுந்து, “பொய் டீச்சர், எங்கப்பா வீட்லதான் இருக்காரு” என்றான். “உங்கப்பா என்ன வேலை செய்வாரு?” “கடலுக்குப் போவாரு.” “அதத்தான்டா எழுதியிருக்கேன். இப்ப என்ன பண்றாரு?” “வலையச் சரி பண்ணிட்டிருக்காரு.” அடுத்த வரியில் ‘நவ் ஹி இஸ் மெண்டிங் த நெட்’ என்று எழுதினேன். இரண்டு வரியும் ஒரே ஆளைப் பற்றி, இரண்டுமே உண்மை. நான் அட்டவணை போட்டு விளக்கியிருந்தால் இது ஏறியிருக்காது. அவனே மற்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டான்: “அது எப்பவும், இது இப்ப.”

உன் ஊரிலும் வம்பாகீரப்பாளையம், வைத்திக்குப்பம் மாதிரி மீனவர் பகுதிப் பிள்ளைகள் வந்தால் இதையே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு கம்பெனி ஷிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் என்று ஏதாவது.

இனி அந்த எஸ். தமிழில் ஏன், ஆய், ஆன், ஆள் என்று ஆளுக்கு ஆள் வால் மாறும். ஆங்கிலத்தில் ஹி, ஷி, இட் மூன்றுக்கு மட்டும்தான் வால். அதுவும் பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் பன்மைக்கு வருகிற அதே எஸ். ‘பாய்ஸ்’ என்றால் பல பேர், ‘ப்ளேஸ்’ என்றால் விளையாடுவது ஒரே ஆள். பிள்ளை ‘பாய்ஸ் ப்ளேஸ்’ என்று இரண்டிலும் ஒட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. இன்னொரு சிக்கல் மரியாதை. அம்மாவை ‘அவங்க’ என்றே சொல்லிப் பழகியது, ‘மை மதர், தே குக்’ என்கிறது. ‘ஷி’ என்றால் அம்மாவை ‘அவ’ என்று சொன்ன மாதிரி அதற்குக் கூச்சம்.

இதற்கெல்லாம் நீ மனசு உடையாதே. ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆங்கிலமே தாய்மொழியான மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து 1973-ல் வெளியிட்டார். அந்தக் குழந்தைகளுக்கே ‘ஈட்டிங்’கில் வருகிற ‘இங்’ சீக்கிரம் வந்தது, இந்த எஸ் வெகு தாமதமாகத்தான் வந்தது. உன்னிடம் வருகிற தமிழ்க் குழந்தைக்கு ஒரு மாதத்தில் வரவேண்டும் என்றால் எப்படி?

அதனால் இம்போசிஷனை நிறுத்து. ‘மை பிரதர் கோ டு மார்க்கெட்’ என்றால் குறுக்கே பாய்ந்து திருத்தாமல், “ஓ, யுவர் பிரதர் கோஸ் டு மார்க்கெட்? வாட் டஸ் ஹி பை?” என்று பேச்சை வளர்த்துவிடு. எஸ் அதன் காதில் நூறு தடவை விழட்டும். முதல் இரண்டு வாரம் ‘ஐ’, ‘வீ’ மட்டும் போதும், அங்கே வால் பிரச்சினையே இல்லை. அப்புறம் பக்கத்தில் இருப்பவனைப் பற்றி வகுப்புக்குச் சொல்லச் சொல். கோள் சொல்வதென்றால் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? ஹி, ஷி தானாகப் புழங்கும். ‘டஸ்’ வைத்துக் கேள்வி கேட்பதை அவர்களிடம் இப்போதைக்கு எதிர்பார்க்காதே.

2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற தமிழக அரசுத் திட்டம் வந்தபிறகு எங்கள் சின்ன வகுப்புகளில் பாட்டும் அட்டையும்தான். பதிவேடு வேலை கூடிப்போனது வேறு கதை, அதை நேரில் சொல்கிறேன். என்னிடம் உள்ள பட அட்டைகளில் ஒரு செட்டை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்தால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வருகிறாயா என்று முன்னாடியே போன் செய், நல்ல சங்கரா மீன் வாங்கி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி