நெபாஹ் பெண்களின் நெசவுக் கொட்டகைக்குக் கூரை போட உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியில், கிச்சே மாவட்டத்தின் நெபாஹ் ஊருக்கு அருகே, இஷீல் என்ற மாயா பழங்குடிப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து நெய்ய ஒரு கொட்டகை கட்டி வருகிறார்கள். சுவர் எழும்பிவிட்டது, கூரைக்குத்தான் பணம் போதவில்லை.

இவர்களில் மூத்தவர்கள் பலர் போரில் கணவரை இழந்தவர்கள். 1960 முதல் 1996 வரை நீடித்த அந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் ராணுவம் இஷீல் கிராமங்களை எரித்தபோது தப்பியவர்கள் காட்டுக்குள் பட்டினி கிடந்தார்கள். 2013இல், அப்போது நாட்டை ஆண்ட ராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மொன்ட் மீது இனப்படுகொலை வழக்கு நடந்தது. தங்களுக்கு நடந்த வன்கொடுமையை இஷீல் பெண்கள் சால்வையால் முகத்தை மறைத்துக்கொண்டு சாட்சி சொன்னார்கள். அவருக்கு 80 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது!

சரி, ஆளுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பிவிடலாமே என்று எங்கள் குழுவிலேயே சிலர் கேட்டார்கள். அந்தப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் மக்காச்சோளம் தீர்ந்த நாளில் ஒருத்தி தனியாகத் துணியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனால், இடைத்தரகர் சொன்னதுதான் விலை. ஒரு நல்ல மேற்சட்டை நெய்ய மாதக்கணக்கில் ஆகிறது, நூலோ கடன். பத்துப் பேர் சேர்ந்து விற்றால், இந்த வாரம் விற்காவிட்டாலும் பரவாயில்லை என்று திருப்பி எடுத்து வர முடிகிறது. அன்று சோளம் இல்லாதவளுக்கு இன்னொருத்தி வீட்டிலிருந்து போய்விடும். சுற்றுலாக் கடைகளில் மாயா துணியின் விலையைப் பார்த்து மலைத்தவர்கள், அதில் நெய்தவள் கைக்குப் போவது எவ்வளவு என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

தறி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்பு வாரில் மாட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துப் பாவு நூலை இறுக்கி நெய்கிறார்கள். கண் மங்கிய பாட்டி ஒருவர் தறியில் இருந்தால், பக்கத்தில் இருப்பவள் பூவேலைக்கு இழை எண்ணிச் சொல்கிறாள். பேச்சும் சிரிப்பும் ஓயாது. இது நடப்பது வீட்டுத் திண்ணையில். மழை பிடித்துவிட்டால் நூல் நனையும், அடுப்புப் புகை நிறைந்த உள் அறைக்குப் போக வேண்டும், அங்கே ஒருவருக்கு மேல் உட்கார இடம் கிடையாது.

தேவைப்படுவது தகரக் கூரை, தறி கட்டும் மரத்தூண்கள், முதல் சுற்றுக்கு மொத்தமாக வாங்கும் நூல். அப்புறம் மிஞ்சினால் பொதுவில் ஒரு சோள மாவு அரவை இயந்திரம். மரவேலையும் மண்வேலையும் அவர்களே செய்துகொள்கிறார்கள், கூலிக்கு நாம் கொடுக்க வேண்டியதில்லை.

ஐந்து டாலரானாலும் சரி, குழு உறுப்பினர் யாரிடமாவது கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். வரவு செலவுக் கணக்கை, நூல் கடை ரசீது உட்பட, எல்லோருக்கும் அனுப்பிவைப்போம். அங்கே மே மாதம் மழை தொடங்கிவிடும். ஏப்ரல் முடிவதற்குள் தகரம் வாங்கியாக வேண்டும்.

இப்படிக்கு,
நிதி திரட்டும் குழுவினர்