சேத்ரி அண்ணாவின் கடைசி ஆட்டத்துக்கு எங்களை அனுப்பி வைத்தவர்களுக்கு

பெங்களூரு, ஜூன் 2024

கௌதம்புரா மக்களுக்கும் கொல்கத்தாவில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

பசங்க பதினோரு பேரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மே 16 அன்று சுனில் சேத்ரி இந்தியக் கால்பந்து அணியிலிருந்து ஓய்வை அறிவித்த மாலை, எங்கள் மைதானத்தில் யாரும் பந்தைத் தொடவில்லை. "கடைசி மேட்சுக்கு நாமளும் போலாமா கோச்?" என்று எட்டாவது படிக்கும் பையன் கேட்டான். என் கையில் காசு இல்லை. பீலே சிலை பக்கத்தில் நின்று நாலு பேரிடம் சொன்னேன், அவ்வளவுதான். பூ விற்கும் அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்தில் லீக் ஆடிய தாத்தா, பென்ஷன் வந்த அன்றே வீட்டுக்கு வந்து கவரை நீட்டினார். டீக்கடை அண்ணன் குடும்பம் ரயிலுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தது. கொல்கத்தாவில் வேலை பார்க்கும் நம் ஏரியாப் பெண் டிக்கெட் எடுத்து வைத்தார். உங்கள் எல்லோருக்கும் நன்றி.

நாங்கள் போகத்தான் வேண்டும் என்று நினைத்ததற்குக் காரணம் உண்டு. 2018 இல் மும்பையில் இந்தியா சீன தைபேயை (தைவான் அணி) 5-0 என்று வென்றபோது பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். அன்று மூன்று கோல் போட்டவர் சேத்ரி. திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று வீடியோவில் கேட்டார். அடுத்து கென்யாவுடன் ஆட்டம், அவருக்கு 100வது. மழையிலும் அரங்கம் நிரம்பியது. அவர் இரண்டு கோல் போட்டார். அப்படிக் கூப்பிட்டவரை வழியனுப்ப நாம் போகாமல் எப்படி?

அப்புறம், எங்கள் பசங்களில் பாதிப் பேர் குள்ளம். சேத்ரியும் ஐந்தடி ஏழு அங்குலம்தான். ஆனாலும் தலையால் எத்தனை கோல்! பந்து வருவதற்கு முன்பே இடத்தைப் பிடித்து, தடுப்பாட்டக்காரர் யோசிக்கும் நேரத்தில் எழும்பிவிடுவார். இங்கே கண்டீரவா அரங்கத்தில் பெங்களூரு எஃப்சி கிளப்புக்காக அவர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் பசங்க இதைக் கற்றார்கள். நான் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான்.

ஜூன் 6, சால்ட் லேக் அரங்கம். ஏறத்தாழ 59 ஆயிரம் பேர். குவைத்துடன் 0-0. ஒரு கோல் போட்டுவிட மாட்டாரா என்று தொண்டை வறளக் கத்தினோம், வரவில்லை. அன்றைக்கு இந்தியாவுக்காக அவர் கணக்கு 151 ஆட்டம், 94 கோல். எங்கள் கடைக்குட்டிக்கு முன்னால் நின்றவர்களின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெங்காலி பெரியவர் ஒன்றும் பேசாமல் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்து, சக வீரர்கள் இருபுறமும் வரிசையாக நின்று கைதட்ட, சேத்ரி நடுவில் நடந்து வரும்வரை இறக்கவே இல்லை. "அண்ணா அழறாரு கோச், எனக்குத் தெரியுது" என்று மேலிருந்து சொன்னான் அவன். பெரியவரும் அழுதுகொண்டிருந்தார். ஐயா, உங்கள் பெயரைக் கேட்கவில்லை. நன்றி.

சேத்ரி அண்ணா, உங்களுக்கும்தான். 2005 இல் பாகிஸ்தானின் குவெட்டாவில் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டதிலிருந்து 19 வருஷம், இந்த நாட்டுக் கால்பந்தைச் சுமந்தீர்கள். பசங்களிடம் காட்டி, இவரைப் போல இருங்கள் என்று தயங்காமல் சொல்ல முடிந்தது. கண்டீரவாவில் இன்னும் ஆடப்போகிறீர்கள், நாங்கள் வருவோம்.

செலவு போக 1,840 ரூபாய் மிச்சம். அதில் இரண்டு பந்தும் ஒரு பம்ப்பும் வாங்கியிருக்கிறோம். காலை ஆறு மணிக்கு வந்தால் கடைக்குட்டி தலையால் முட்டிப் பழகுவதைப் பார்க்கலாம்.