சாய்ந்த படகில் எண்ணெய் பார்த்தவன்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. மதினிக்கு முழங்கால் வலி இப்போது எப்படி? பெரியவள் கல்யாணத்தைத் தை மாதம் வைக்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். தேதி முடிவானதும் உடனே சொல். இங்கே லீவுக்கு முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும்.

பதில் தாமதமானதற்கு வேலை காரணமில்லை, வெட்கம்தான் காரணம். போன வருடம் ஒரு படகு வாங்கிப் படம் அனுப்பினேனே, 28 அடி, சிவப்புக் கோடு போட்டது, அதன் இன்ஜின் ஜூலை மாதம் செத்துவிட்டது. லேசான சாவு இல்லை. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு, இன்ஜினின் இரும்பு உடம்பான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தது. அண்ணாச்சி பட்டறையில் ஆறு வருடம் உன்னோடு கரி அப்பிய கையோடு நின்றவன், சொந்த இன்ஜினை எண்ணெய் இல்லாமல் கொன்றிருக்கிறேன். இதை உனக்கு எப்படி எழுதுவது என்றுதான் இத்தனை நாள் இழுத்தேன்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். இங்கே அமெரிக்காவில், செயின்ட் லூயிஸிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போனால் லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ். ஏரி என்று பெயரே தவிர, ஓசேஜ் ஆற்றை மறித்து பேக்னல் அணை கட்டியதால் மலைப்பள்ளங்களில் ஏறி நிற்கிற தண்ணீர் அது. 1929-இல் வேலை தொடங்கி 1931-இல் முடித்தார்கள். நூறு கிளைகளாக வளைந்து வளைந்து போவதால் அதன் கரையின் நீளம் மட்டும் 1,150 மைல், ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டுக் கடற்கரையை விட அதிகம். அகலம் மட்டும் கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் ஊரில் உள்ள படகெல்லாம் அதற்குள் இறங்கும். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் கட்டிய வீடுகள், அதனால் ஒரு படகு கிளப்பிய அலை சுவரில் மோதித் திரும்பி வந்து இன்னொரு படகின் அலையோடு சேர்ந்து குதிக்கும். தூத்துக்குடித் தெரேஸ்புரத்துக்காரனுக்கு அதெல்லாம் ஒரு அலையா என்பாய். கடல் அலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு, மாப்ளே. இதற்கு அது கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது.

இங்கே வேகப் படகுப் பைத்தியம் அதிகம். 1988-லிருந்து வருடா வருடம் ஆகஸ்டில் ஷூட்அவுட் என்று ஒரு பந்தயம் நடக்கிறது. நேர்கோட்டில் யார் படகு அதிக வேகம் என்று பார்ப்பார்கள். மணிக்கு 200 மைலைத் தாண்டியவர்களும் உண்டு. வசூலாகும் பணம் சுற்றுவட்டாரத் தீயணைப்பு நிலையங்களுக்கும் தர்மக் காரியங்களுக்கும் போகிறது. இரண்டு வருடம் கரையில் நின்று பார்த்தேன். மூன்றாவது வருடம் படகு வாங்கிவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் வரக்கூடாத ஆசை என்று மீனா சொன்னாள். அவள் சொன்னது சரிதான், ஆனால் அதை அவளிடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்ஜின் 8.2 லிட்டர் வி-8 பெட்ரோல், 415 குதிரைத்திறன். உன் கைக்கு வரும் விசைப்படகு டீசல்கள் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குள் மாடு மாதிரி நிதானமாக உழைத்துவிட்டுப் போகும். இது 5,000 சுற்று வரை கத்தும். காரிலும் இதே இனத்து இன்ஜின்தான், ஆனால் காரில் அது பாதி நேரம் தூங்கும். நெடுஞ்சாலையில் காலை எடுத்தாலும் கார் உருளும். படகு உருளாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலை விட்ட நொடியில் தண்ணீர் பிடித்து நிறுத்திவிடும். வேகமாகப் போகிற நேரம் முழுக்க அது கொடைக்கானல் ஏற்றம் ஏறிக்கொண்டே இருப்பதுபோல்தான்.

சம்பவத்துக்கு வருகிறேன். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மூன்று மணி. நான், மீனா, என் ஆபீஸ் நண்பர் ஒருவர், அவர் மனைவி. 60 மைல் வேகம். ஒரு பெரிய படகு எதிரே கடந்து போனது. அதன் அலையில் ஏறிப் பறந்தோம். ப்ரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் பாரம் இல்லாமல் இன்ஜின் ஒரு கூச்சல் போட்டது. அந்த இடத்தில் த்ராட்டிலைக் குறைத்திருக்க வேண்டும். பந்தயப் படகுகளில் அதற்கென்றே ஒரு ஆள் இருப்பார். ஸ்டியரிங் ஒருவர் கையில், த்ராட்டில் இன்னொருவர் கையில். அலைக்கு அலை குறைத்துக் கூட்டுவதுதான் அவர் வேலை. நான் இரண்டையும் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

விழுந்தோம். பின்னால் கட கட என்று நாலைந்து தட்டு. ஆணிப்பெட்டியைக் கிரைண்டரில் கொட்டிய மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒரே ஒரு அறை. படகே ஒருமுறை உதறியது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. படகின் மூக்கு கீழே இறங்கியது, நாங்கள் கிளப்பிய அலையே பின்னால் துரத்தி வந்து பின்பலகைக்கு மேல் ஏறி எல்லார் காலையும் நனைத்தது.

சாவியை அணைத்தேன், பாட்டரி ஸ்விட்சைத் திருப்பினேன். எல்லாரையும் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கச் சொல்லி முன்பக்கம் அனுப்பினேன். இன்ஜின் மூடியைத் திறக்கவில்லை. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, படகின் அடிவயிற்றில்தான் போய்ப் படுத்துக்கொள்ளும். உள்ளே நெருப்பு இருந்து மூடியைத் திறந்தால் காற்றைக் கொடுத்து ஊதிவிட்டதாக ஆகும். அணைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு மூடியைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு ஏறவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு விரல் அளவு தூக்கினேன். காய்ந்த எண்ணெய்ப் புகையும் நீராவியும்தான் வந்தன. நெருப்பு இல்லை.

அடுத்த பயம் தண்ணீர். இந்த மாதிரிப் படகில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியிலிருந்து ஹோஸ் வழியாக உள்ளே வருகிறது. பறந்த இரும்பு அந்த ஹோஸைக் கிழித்திருந்தால் ஏரி உள்ளே வந்துவிடும், அந்த இடத்தில் ஆழம் நூறு அடிக்குக் கிட்டே. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஹோஸ் முழுசாக இருந்தது. அடியில் கிடந்தது பிளாக்கிலிருந்து வடிந்த தண்ணீரும் எண்ணெயும். அடித்தண்ணீர் பம்பைத் தானாக ஓடும்படி விட்டால் அத்தனை எண்ணெயையும் ஏரியில் துப்பிவிடும், அது இங்கே குற்றம். தண்ணீர் ஏறவில்லை என்று உறுதியான பிறகு பம்பின் ஒயரைக் கழற்றிவிட்டேன்.

எங்களை இழுத்துப் போனது எது தெரியுமா? ஒரு பாண்டூன். இரண்டு அலுமினியக் குழாய் மேல் பலகை போட்டு, நாற்காலி போட்டு, கூரை போட்ட படகு. நாலு பாட்டிமார் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்கள். கயிற்றை அனுபவசாலியாகக் கட்டிய பாட்டி, எங்கள் படகை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'அழகான படகு' என்றார். ஒன்றரை மணி நேரம், நடை வேகம். கரையில் இருந்தவர்களெல்லாம் கை காட்டினார்கள். மீனா திரும்பக் கை காட்டினாள்.

பிரேதப் பரிசோதனையை நானே செய்தேன். வாடகைக்குச் சங்கிலி பிளாக் எடுத்து, கராஜில் இன்ஜினை இறக்கி, அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பைக் கழற்றினேன். உனக்குச் சொல்லவா வேண்டும், உள்ளே கறிக்கடை. ராடு கிராங்க்கைப் பிடிக்கிற இடத்தில், பிக் எண்ட் பேரிங் ஷெல் தகடாகிச் சுருண்டு கிடந்தது. கிராங்க் பின் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ராடின் தலையும் நீலம். ராடு போல்ட் ஒன்று இழுபட்டு நடுவில் மெலிந்து அறுந்திருந்தது. பிளாக்கின் இடது பக்கம் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

அலையில் பறந்து சுற்று எகிறியதுதான் காரணம் என்று முதலில் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கணக்கும் போட்டேன். 5,000 சுற்றில் பிஸ்டன் மேலே போய்த் திரும்புகிற இடத்தில், ஒரு கிலோ எடை கிட்டத்தட்ட 1,900 கிலோவாக ராடை இழுக்கிறது. 6,000 சுற்று என்றால் இழுப்பு சுற்றின் வர்க்கத்தில் கூடும், 2,700 கிலோ. எந்த போல்ட் தாங்கும்? ஆனால் நீலம் பொய் சொல்லாது, மாப்ளே. வெறும் எகிறலில் அறுந்த போல்ட் என்றால் பேரிங் வெந்திருக்காது. பேரிங்தான் முதலில் செத்தது. அது எண்ணெய் கிடைக்காமல் செத்தது.

நான் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் பார்த்தவன். அந்தச் சனிக்கிழமையும் பார்த்தேன். டிப் ஸ்டிக்கில் மேல் கோடு வரை இருந்தது. ஆனால் பார்த்தது எங்கே? படகுத்துறையில் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைக்கும் லிஃப்டில். மழைத்தண்ணீர் பின்பக்கமாக வடியட்டும் என்று அதில் மூக்கு உயரமாக நிறுத்தியிருந்தேன். இன்ஜின் இருப்பது பின்பக்கம், சம்ப்பின் ஆழமான குழி அதன் பின்முனையில், டிப் ஸ்டிக்கும் அந்தக் குழியில்தான். மூக்கு உயர்ந்தால் எண்ணெய் முழுக்கப் பின்னால் வந்து தேங்கும், கம்பி 'நிறைய இருக்கிறது' என்று சொல்லும். எட்டரை லிட்டர் பிடிக்கிற இன்ஜினில் இரண்டு லிட்டர் குறைவாகவே ஒரு சீசன் முழுக்க ஓட்டியிருக்கிறேன்.

சும்மா ஓட்டினால் அதுவும் தாங்கியிருக்கும். அலையில் மோதும்போது படகு சடாரென்று வேகம் குறையும், சம்ப்பில் உள்ள எண்ணெய் முன்னால் ஓடும், பின்னால் இருக்கிற உறிஞ்சி காற்றைக் குடிக்கும். முடி அளவு இடைவெளியில் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிற பேரிங் அது. அரை நொடி, அரை நொடியாகப் பட்டினி. ஒவ்வொரு குதிப்புக்கும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? எண்ணெய் பிரஷர் முள் எனக்குச் சொன்னது. ஜூன் மாதத்திலேயே, ஒவ்வொரு அலையிலும் 50-இலிருந்து 20-க்கு விழுந்து எழுந்தது. நான் பார்த்தேன். 'பழைய படகு, ஒயர் லூஸ்' என்று மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு ஒயரை ஆட்டினேன். இருபத்தைந்து வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில் வந்த புத்தி, திரையில் தப்பாகத் தெரிந்தால் திரையைச் சந்தேகப்படுவது. நீயாக இருந்தால் அன்றே சம்ப்பைத் திறந்திருப்பாய்.

அண்ணாச்சி ஞாபகம் வந்தது. எந்த இன்ஜின் வந்தாலும் முதல் வேலையாக ரசமட்டத்தை எடுத்து ஹெட் மேல் வைப்பாரே. குமிழி நடுவில் நிற்கிற வரை யாரையும் எண்ணெய் பார்க்க விட மாட்டார். நாம் இரண்டு பேரும் அவர் பின்னால் நின்று சிரித்திருக்கிறோம். ஒருநாள் நீ அந்த ரசமட்டத்தை ஒளித்து வைத்து அடி வாங்கினாய், ஞாபகம் இருக்கிறதா? ஒளித்தது நான். இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பராமரிப்புக் குறை என்று ஒரு வரி. அவர்களைத் திட்ட எனக்கு வாயில்லை. புது இன்ஜின் மாற்ற ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன், பதினெட்டாயிரம் டாலர் என்றார்கள். படகை வாங்கியதே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரே ஒரு லாபம்: இங்கே குளிர்காலம் வருமுன் பிளாக்கில் உள்ள தண்ணீரை வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து விரிந்து பிளாக் வெடித்துவிடும். இந்த வருடம் எனக்கு அந்த வேலை இல்லை.

இப்போது உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். பழைய பிளாக் ஒன்று இரண்டாயிரம் டாலருக்குக் கிடைக்கிறது. என் ஹெட் இரண்டும் நன்றாக இருக்கின்றன, கழுவிப் பார்த்துவிட்டேன், வெடிப்பு இல்லை. கிராங்க்கைத் தேய்த்துச் சிறிதாக்கி, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாமா, இல்லை நீலம் பாய்ந்த கிராங்க்கைத் தொடவே கூடாதா? இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் நாளுக்கு எத்தனை கிராங்க் பார்க்கிறவன் நீ, நீ சொல்வதைத்தான் செய்வேன். பின்னின் படம் நாலு பக்கமும் எடுத்துத் தனியாக அனுப்புகிறேன். நீலம் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்.

மீனா படகை விற்றுவிடச் சொல்லவில்லை. 'அந்தப் பாட்டி வைத்திருந்த மாதிரி ஒன்று வாங்கலாம்' என்கிறாள்.

கல்யாணத் தேதியை மறக்காமல் எழுது.

உன்
முருகேசன்